கட்டுத்துணி இம்பாலா

மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் கார்தான் முதலில் கண்ணில் பட்டது.

பச்சைத் துணி விரித்த நீள மேசை. இடப்பக்கம் காகித ரோஜாக் கொத்து, வலப்பக்கம் வயர்கூடை, நடுவில் ஒரு சாண் நீள வெளிர்நீல இம்பாலா. கூரைக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தேன். பின்பக்கத்தில் மீனுக்கு இருப்பது போல விரிந்த இரண்டு துடுப்புகளுக்குக் கீழே மூன்று மூன்றாக ஆறு சிவப்பு விளக்குகள். வெளியே ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரச் சாக்கும் ரோஜாவும் கலந்த வாசனை.

கிட்டப் போய்க் குனிந்து அட்டையைப் படித்தேன்.

‘செய்தவர்: திரு. ஆரோக்கியசாமி, டிரைவர். பிரிவு: மர வேலைப்பாடு. முதல் பரிசு.’

மூன்று விவரம். அதில் இரண்டு பொய்.

ஆரோக்கியசாமி என் கணவர். அந்தக் காருக்காக அவர் செய்த ஒரே வேலை, அதை வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைத்தது. மரமோ, அந்தக் காரில் ஒரு சிம்புகூடக் கிடையாது.

பூக்கண்காட்சிக் குழுவின் செயலாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. சட்டைப் பையில் நான்கு பேனா.

“ஏனுங்க, இந்த அட்டையில பேரு தப்பா இருக்குதுங்க. இந்தக் காரை நான் செஞ்சேனுங்க” என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னையும் என் வெள்ளை யூனிபாரத்தையும் பார்த்துச் சிரித்தார்.

“ஊட்டுக்காரரு செஞ்சா என்னுங்க, நீங்க செஞ்சா என்னுங்க சிஸ்டர்? குடும்பத்துக்குத்தானுங்க பெருமை.”

“குடும்பத்துக்குத்தான் பெருமைன்னா எம் பேரையே எழுதிப்போடுங்க.”

“நல்லாத் தமாசு பண்றீங்க” என்று சொல்லிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றாத ஆளைத் திட்டுவதற்காக அவர் நகர்ந்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கியில் என் கணவர் பெயரைக் கூப்பிட்டார்கள். என்னிடமிருந்து ஐந்தடி தூரத்தில் நின்றவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காக்கிச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு மேடையேறிப் போய்க் கும்பிட்டு, ஓர் எவர்சில்வர் குடத்தை வாங்கிக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். வாழவந்தியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“உங்க ஊட்டுக்காரருக்கு நொம்பக் கைவேலை தெரியுமாட்ட இருக்குதுங்க, சிஸ்டர்.”

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

ஒரு கடிதம்

இந்த அத்தியாயத்தை நான் எழுதுவதாகவே இல்லை. சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் கை கால் முறித்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் தாளை எடுத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே தொடரில், எங்கள் வீட்டு அலமாரியில் பதினோரு குட்டி அமெரிக்கக் கார்கள் இருந்தன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர் அன்போடு கடிதம் போட்டிருக்கிறார். ‘தங்கள் கணவர் கார் மாதிரிகள் செய்வதில் வல்லவர் என்று அறிந்து மகிழ்ந்தேன்’ என்கிறார்.

எங்கிருந்து அறிந்தார்? என் பெயரில் வரும் தொடர். நான் எழுதிய வரி. அதில் என் கணவர் எங்கேயும் இல்லை. கார் என்று வந்துவிட்டால் ஓர் ஆண்பிள்ளை தானாக முளைத்துவிடுகிறான்.

சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பார்சலில் வந்த அமெரிக்கா

ஏற்காட்டில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தேன் என்பது தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முப்பது கட்டில், ஒரு டாக்டர், மூன்று நர்ஸ்.

எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து பழைய படுக்கை விரிப்பு, கட்டுத்துணி, கண்ணாடிச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வரும். கண்ணாடி உடையாமல் இருக்கப் பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கி இடையில் திணித்திருப்பார்கள். அந்தப் பெட்டிகளைப் பிரிப்பது என் வேலை.

கசங்கிய தாள்களை ஒருநாள் நீவிப் பார்த்தேன். பக்கம் முழுக்க ஒரே ஒரு கார். இளஞ்சிவப்பு நிறம், கப்பல் நீளம், முன்னால் பல் வரிசை மாதிரி வெள்ளி பளபளப்பு. பக்கத்தில் கையுறை போட்ட ஒரு பெண் சாய்ந்து நின்றாள். அடிவாரத்திலிருந்து திணறிக்கொண்டு ஏறிவரும் பஸ்ஸையும் எஸ்டேட் ஜீப்பையும் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு, உலோகத்தை இப்படியெல்லாம் வளைக்க முடியுமா என்று மூச்சே நின்றது.

எனக்குப் பிடித்தது அந்தக் காரில் போவது இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலைப்பாதையில் எனக்கு வாந்தி வரும். எனக்குப் பிடித்தது அந்த வளைவு. கதவிலிருந்து துடுப்புக்கு எங்கே ஏறுகிறது, விளக்குக்கு எப்படி இறங்குகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன்.

மடிப்புகளுக்கு இஸ்திரி போட்டுத் தாள்களைச் சேர்த்தேன். நாற்பது ஐம்பது சேர்ந்ததும், பார்த்தது போதும், இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஓர் அடிக்கு அரை அங்குலம்

மிளகு பறிக்கும் பருவத்தில் எங்கள் ஆஸ்பத்திரி நிரம்பிவிடும். மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும். ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அந்தக் காலத்தில் மாவுக்கட்டு பாக்கெட்டில் தயாராக வராது. நாங்களே வலைத் துணியில் பிளாஸ்டர் பொடியைத் தேய்த்துச் சுருட்டி டின்னில் அடுக்கி வைப்போம். வேண்டும்போது வெந்நீரில் முக்கிப் பிழிந்து, சூடு ஆறுவதற்குள் காலில் சுற்ற வேண்டும். கெண்டைக்கால் வளைவும் கணுக்கால் குழியும் அப்படியே அமைய வேண்டும். என் கை அதற்குப் பழகிய கை. டாக்டரே, “கட்டு சிஸ்டர் போடட்டும்” என்று நகர்ந்துகொள்வார்.

மனுஷக் காலுக்கு அமைகிற துணி, காருக்கு அமையாதா?

சில்வர் ஓக் கட்டை ஒன்றைச் செதுக்கிக் காரின் கருவாக வைத்துக்கொள்வேன். மேலே எண்ணெய்த் தாள். அதன்மேல் ஈரக் கட்டுத்துணி ஆறு சுற்று. ஏற்காட்டு ஈரத்தில் காய நாலு நாள் ஆகும். காய்ந்ததும், காலில் போட்ட மாவுக்கட்டை வெட்டுகிற கத்தரியால் நீள வாக்கில் வெட்டி இரண்டு ஓடாகக் கழற்றுவேன். கட்டையை எடுத்துவிட்டு ஓடுகளைச் சேர்த்து ஒட்டி, மாவுக் குழம்பு பூசி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, அப்புறம்தான் எனாமல் பெயின்ட்.

எல்லாம் டாக்டரிடம் கேட்டு எடுத்த துண்டு துக்கடா. குளுக்கோஸ் பாட்டிலின் ரப்பர் மூடிதான் டயர். அதில் பிளாஸ்திரியை வட்டமாக வெட்டி ஒட்டினால் வெள்ளைக் கோடு. ஊசி மருந்துக் குப்பியை ஒடித்ததும் தூக்கி எறிகிற தலைக் குமிழ் முன்விளக்கு. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளைக் கரண்டி முதுகால் தேய்த்தால் பம்பர். பழைய எக்ஸ்ரே படத்தை வாஷிங் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் யாரோ ஒருவருடைய விலா எலும்பு கரைந்துபோய்க் கார்க் கண்ணாடி கிடைக்கும்.

அளவுதான் முக்கியம். நிஜக் காரில் ஓர் அடி என்றால் என் காரில் அரை அங்குலம். கதவுப்பிடி உட்பட இதில் மாற்றமே கிடையாது. அளவு தப்பினால்தான் அது பொம்மை. என் கார்களைப் பொம்மை என்று சொன்னவர்களிடம் நான் அதன்பிறகு அதிகம் பேசியதில்லை.

முதல் பத்தும் பத்திரிகைப் படத்தைப் பார்த்துச் செய்தவை. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று படத்தில் தெரியாது. குத்துமதிப்பாகப் போடுவேன். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பதினோராவது காருக்குத்தான் நிஜ வண்டி கிடைத்தது.

என் கணவர் ஒரு காபி எஸ்டேட் முதலாளியிடம் டிரைவர். முதலாளியிடம் ஒரு பழைய இம்பாலா இருந்தது. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த நீள வண்டியைப் பின்னுக்கு எடுக்காமல் ஒரே மூச்சில் திருப்பிவிடுவார் அவர். வேறு எந்த டிரைவருக்கும் அது முடியாது. அது அவருடைய வித்தை. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை.

அவர் வண்டி கழுவுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், ஆஸ்பத்திரி டேப்பை எடுத்துக்கொண்டு போய் அங்குலம் அங்குலமாக அளந்தேன். வண்டிக்கு அடியில்கூடப் படுத்து அளந்தேன். மூன்று மாதத்தில் முடித்தேன். ஒன்பது அங்குலத்துக்குக் கால் அங்குலம் குறைவான இம்பாலா.

காக்கிச் சட்டைப் பை

எஸ்டேட்காரர்கள் சேர்ந்து மே மாதத்தில் பூக்கண்காட்சி நடத்துவார்கள். கைவேலைக்கும் ஒரு மேசை உண்டு. பெண்கள் பிரிவு என்றால் குரோஷா பின்னல், காகிதப் பூ, வயர்கூடை. நான் எல்லாருக்கும் பொதுவான பிரிவில் கொடுக்க முடிவு செய்தேன்.

கொடுக்க வேண்டிய நாளில் எனக்குப் பகல் டூட்டி. கணவரிடம் கொடுத்தனுப்பினேன். என் பெயர், செய்த விதம், அளவு எல்லாவற்றையும் எழுதி ஒரு சீட்டும் கொடுத்தேன்.

அவர் அதைச் சட்டைப் பையில் வைத்தார். இம்பாலாவை மண்டப வாசலில் நிறுத்திவிட்டு, குட்டி இம்பாலாவைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கினார். செயலாளர் பெரிய காரைப் பார்த்தார், சின்னக் காரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். கேள்வி எதற்கு? பெயரை எழுதிக்கொண்டார்.

“எதுல செஞ்சதுங்க?”

“மரத்துலதானுங்க.”

சமையல்கட்டு மேடையில் மூன்று மாதமாக அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் கணவர். அதுதான் கார் என்றே நினைத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி சுற்றியதையும் வெட்டியதையும் தேய்த்ததையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரை விரலால் தட்டிப் பார்த்த நடுவர், “நல்லாக் காய்ஞ்ச சில்வர் ஓக்” என்று வேறு சான்றிதழ் கொடுத்தாராம். மரங்களோடு முப்பது வருடம் வேலை பார்த்தவராம்!

என் சீட்டு சட்டையோடு துவைக்கப் போனது. கூழாகத்தான் திரும்பி வந்தது.

பெயர் வெட்டிய குடம்

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “மேடையில வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?”

“அவ்வளவு பேரு முன்னால எப்படிப்புள்ள சொல்றது? முதலாளி வேற குடத்தை நீட்டிட்டாரு.”

“நான் பக்கத்துலதானே நின்னேன்? கூப்பிட்டுக் கையக் காட்டியிருந்தாப் போதாதா?”

“ஆரு வாங்குனா என்ன? கொடம் நம்ம ஊட்டுக்குத்தானே வந்திருக்குது.”

இதே வசனத்தைச் செயலாளரும் சொன்னார். ஆண்கள் எல்லாரும் இதை எங்கேயோ ஒன்றாக உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்களோ என்னவோ.

நோகாமல் நுங்கு தின்பது என்பார்கள். தின்றவர் அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் சேலம் போனபோது பாத்திரக்கடையில் கொடுத்து, குடத்தின் கழுத்தில் ‘அ. ஆரோக்கியசாமி’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொண்டு வந்தார். அந்தக் குடத்தில்தான் நான் தினமும் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இடுப்பில் அந்தப் பெயர் உரசும்.

கார்? அது வீட்டுக்கே வரவில்லை. கண்காட்சிக் குழுத் தலைவர் எங்கள் முதலாளிதான். “பங்களா ஷோகேஸ்ல கொஞ்ச நாள் இருக்கட்டும் ஆரோக்கியம்” என்றாராம். இவர், “தாராளமா வெச்சுக்கோங்க முதலாளி” என்றாராம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை.

முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் வாரா வாரம் சத்து ஊசி போட்டுக்கொள்ள எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார்.

“ஐயா, அந்தக் காரை நான் செஞ்சேனுங்க. எங்க ஊட்டுக்காரரு செய்யலைங்க.”

தலையணையில் முகம் புதைந்திருந்தவர் அப்படியே பேசினார். “இருக்கும் சிஸ்டர். பொம்பளைங்க ஒத்தாசை இல்லாம எந்த ஆம்பளைதான் ஒரு வேலைய முடிச்சிருக்கான்? ஆரோக்கியம் கொடுத்து வெச்சவன்.”

ஊசி என் கையில் இருந்தது. ஆண்டவர் என்னைக் காத்தார். அன்றைக்கு முதலாளியையும் காத்தார்.

சோப்புக் கட்டி

சில மாதம் கழித்து என் கணவர் ஒரு சாயங்காலம் பேயறைந்த மாதிரி வந்தார்.

முதலாளி இம்பாலாவை விற்கப் போகிறார். உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. பெட்ரோலும் கட்டுப்படி ஆகவில்லை. வண்டி போனாலும் அதன் ஞாபகம் இருக்க வேண்டுமாம். ஷோகேஸில் இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒன்று செய்துகொடு என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“நீங்கதானே செஞ்சவரு? செய்யுங்க” என்றேன்.

“ஏம்புள்ள இப்படிப் பேசற? ஒரே ஒரு தடவ செஞ்சு குடுத்திரு. அப்புறம் நான் சொல்லிப்போடறேன்.”

“அதுக்கு முன்னாடி ஏன் சொல்லக்கூடாது?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டேன். “இருபது வளைவையும் அந்த வண்டிய ஓட்டினது நான்தான்னு நான் மேடையேறி மாலை வாங்கினா நீங்க சும்மா இருப்பீங்களா? கொடம் நம்ம ஊட்டுக்குத்தானே வந்துச்சுன்னு தண்ணி குடிப்பீங்களா?”

அவர் முகம் மாறியது. ஆனாலும் வீம்பு விடவில்லை. தச்சரிடம் உளி வாங்கிவந்து ஒரு சில்வர் ஓக் கட்டையில் தானே ஆரம்பித்தார். மரத்தில் செய்தது என்றல்லவா அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்! நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் செதுக்கினார். இரண்டு விரலில் வெட்டு வேறு. நான்தான் கட்டுப் போட்டேன். கடைசியில் வந்தது, பாதி கரைந்த துணி சோப்புக் கட்டி. நான்கு சக்கரம் வைத்தார். சக்கரம் வைத்த சோப்புக் கட்டியாக ஆனது.

அதைச் சமையல்கட்டு மேடையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்தத் துடுப்பு எப்படிப்புள்ள வந்துச்சு உனக்கு?” என்று கேட்டார். மூன்று மாதம் பக்கத்தில் இருந்துவிட்டு அன்றுதான் அதைக் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம முதலாளிகிட்டப் போகலாம். நானே சொல்லிப்போடறேன்” என்றார்.

ஆறு சுற்று

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் எனக்கு ஒரு வேலை இருந்தது. எஸ்டேட் குடியிருப்பில் காபி பறிக்கிற ஒரு பெண்ணுக்குக் கால் கட்டு வெட்ட வேண்டும். நடந்து வர முடியாதவர்களுக்கு நாங்களே போய் வெட்டிவிட்டு வருவது வழக்கம். அதை முடித்துக்கொண்டு அப்படியே பங்களாவுக்குப் போனேன். கைப்பையில் கத்தரி இருந்தது.

முதலாளி வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எங்களை உள்ளே கூப்பிட்டார். ஷோகேஸில் என் கார், அதே அட்டையோடு நின்றது.

என் கணவர் துண்டைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். “முதலாளி, அதுவந்துங்க... அந்தக் காரு... நான் செஞ்சதில்லைங்க. இவங்க செஞ்சதுங்க.”

முதலாளி சிரித்தார். “பெரிசா செய்யச் சொன்னதும் தப்பிக்கப் பாக்கறியா ஆரோக்கியம்? பொண்டாட்டி பின்னால ஒளியறான் பாரு!”

“ஐயா, நான்தானுங்க செஞ்சேன்” என்றேன். “அது மரமே இல்லைங்க.”

“நடுவரு தட்டிப் பார்த்துச் சொன்னாரு சிஸ்டர். மரத்தைப் பத்தி அவருக்குத் தெரியாததா?”

சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. ஷோகேஸைத் திறந்து காரை எடுத்தேன். மெழுகு போட்ட மேசைமேல் வைத்தேன். கத்தரியை எடுத்தேன். என் கணவர், “ஐயோ, வேண்டாம்புள்ள!” என்று ஓடிவந்தார். அதற்குள் பின்கண்ணாடி வழியாகக் கத்தரியின் மூக்கு உள்ளே போய்விட்டது.

கறக், கறக் என்று கூரை வெட்டுப்பட்டது. வெள்ளைத் தூள் மேசையில் கொட்டியது. கூரை முடிந்து, முன்பக்கம் முடிந்து, கடைசியில் அந்தத் துடுப்புகளுக்கு நடுவே வெட்டினேன். அந்த இரண்டு துடுப்புக்கு மட்டும் பதினேழு நாள் ஆகியிருந்தது.

காரை இரண்டாகப் பிரித்து உள்பக்கத்தைக் காட்டினேன். வெளியே வெளிர்நீலம். உள்ளே வலை வலையாகக் கட்டுத்துணி. வெட்டிய விளிம்பில் ஆறு சுற்றும் தெரிந்தன.

“இது கட்டுத்துணிங்க. இது மாவு. டயரு குளுக்கோஸ் பாட்டில் மூடி. இந்த விளக்கு, உங்களுக்குப் போட்ட ஊசி மருந்துக் குப்பியோட தலை. மரம் எங்கீங்க இருக்குது?”

முதலாளி எழுந்து வந்தார். அந்த வலைத் துணியை விரலால் தொட்டார். என் கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, உண்மையிலேயே வருத்தத்தோடு, ஒரு வார்த்தை சொன்னார்.

“அடடா, என்ன காரியம் பண்ணிட்டீங்க சிஸ்டர்! இதை வெட்டாமயே, வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனுங்க” என்றேன். “மண்டபத்துல செயலாளர்கிட்டச் சொன்னேன். ஊசி போடறப்ப சொன்னேன். இப்பத்தான், இதே எடத்துல நின்னு சொன்னேன்.”

நாங்கள் வந்துவிட்டோம்.

வழியெல்லாம் அழுதேன். ஊருக்கெல்லாம் எலும்பைச் சேர்க்கிற நான், என் கையால் செய்ததை என் கையாலேயே பிளந்தேன். என் கணவர் இரண்டு பாதியையும் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பாதி வழியில், “மறுபடி கட்டுப் போட்டு ஒட்ட வெச்சிரலாமா?” என்று கேட்டார்.

“கால்னா கூடும். காரு கூடாதுங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

மேசைமேல் வைத்தது

அடுத்த மே மாதம் தண்டர்பேர்ட் என்று இன்னொரு அமெரிக்கக் கார் செய்தேன். சிவப்பு, இரண்டு கதவு. இந்த முறை நானே எடுத்துக்கொண்டு போனேன். கணவர் கூட வந்தார். பெயரெழுதிய சீட்டைச் செயலாளர் கையிலேயே கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டி வாங்கிக்கொண்டார். பங்களாவில் நடந்தது அவருக்கும் தெரியும். ஏற்காட்டில் யாருக்குத்தான் தெரியாது?

மறுநாளும் அவரோடு போய்ப் பார்த்தேன். அதே பச்சைத் துணி. அதே நான்கு பேனாக்காரர். அட்டையில் அழகான கையெழுத்து.

‘செய்தவர்: டிரைவர் ஆரோக்கியசாமி குடும்பத்தார்.’

சொல்லிப் பார்த்தாகிவிட்டது. கைப்பையைத் திறந்து, கட்டு வெட்டுகிற கத்தரியை எடுத்து, தண்டர்பேர்ட் பக்கத்தில் மேசைமேல் வைத்தேன்.

செயலாளரின் முகம் வெளுத்தது. “இருங்க சிஸ்டர், இருங்க! இருங்க! இதா, இப்பவே மாத்திப்போடறனுங்க!” புது அட்டையை எடுத்தார். நான்கு பேனாவில் ஒன்றைத் திறந்தார். “பேரச் சொல்லுங்க.”

நேற்றுக் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்கள் நாலு பேர் முன்னால் மனைவியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். என் கணவர் வீட்டிலும் சொன்னவரில்லை. நான் அவருக்கு எப்போதும் ‘புள்ள’தான். அன்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, ஒலிபெருக்கி இல்லாமல் சொன்னார்.

“எழுதிக்கோங்க. லூர்துமேரி.”